லண்டனிலிருந்து சிட்னிக்கு: ஒரு நெடுவழியின் வரலாறு

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே உள்ள நேர்த்தூரம் ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். பூமியின் மேல் எந்த இரண்டு இடங்களும் சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது. அந்த உச்ச வரம்பில் ஆறில் ஐந்து பங்கையும் தாண்டிய தூரம் இது. உலக உருண்டையில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், அது பால்டிக் கடலோரம், கஜகஸ்தானின் வடபகுதி என்று கிழக்கே போகும். வழியின் சரிபாதி சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் விழும். பிறகு தென்சீனக் கடலையும் மொலுக்கா தீவுகளையும் கடந்து ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும். விமானம் வந்த பிறகும் பல பத்தாண்டுகளுக்கு இந்தக் குறுக்கு வழியில் யாரும் பறக்கவில்லை. பயணிகள் போன வழி கெய்ரோ, கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் என்று வெகு தெற்கே வளைந்து சென்றது. எங்கே எரிபொருள் கிடைக்கும், எங்கே இறங்க அனுமதி கிடைக்கும், எந்தத் திசையில் காற்று வீசும் ஆகியவையே வழியைத் தீர்மானித்தன. பயண நேரத்தையும் வேகத்தைவிட இவையே அதிகம் தீர்மானித்தன.

பிரிட்டனிலிருந்து சிட்னிக்குக் குடியேற்றமாக வந்த முதல் கப்பல் தொகுதி 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. மொத்தம் 11 கப்பல்கள். பயணிகளில் பெரும்பாலோர் நாடுகடத்தப்பட்ட கைதிகள். டெனெரிஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் ஆகிய மூன்று இடங்களில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு, 1788 ஜனவரி மூன்றாம் வாரத்தில் அவை பாட்டனி விரிகுடாவை அடைந்தன. எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இடம் குடியிருப்புக்கு ஒவ்வாததால் சற்று வடக்கே நகர்ந்து, ஜனவரி 26 அன்று இன்றைய சிட்னி துறைமுகத்தில் கரையிறங்கினார்கள்.

அடுத்த நூறு ஆண்டுகளில் இந்தக் கடல்வழியைச் சுருக்கியது காற்றைப் பற்றிய அறிவு. தென் அரைக்கோளத்தில் 40 பாகை அட்சத்துக்குத் தெற்கே, தடுக்க நிலம் அதிகமில்லாத பெருங்கடலில், மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் பலத்த காற்று வீசுகிறது. 1851இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்ததும் ஆட்கள் அங்கே போக அவசரப்பட்டார்கள். மாலுமிகளும் நன்னம்பிக்கை முனையிலிருந்து வெகு தெற்கே இறங்கி அந்தக் காற்றைப் பிடிக்கப் பழகினார்கள். பனிப்பாறை அபாயம் இருந்தாலும் வாரக்கணக்கில் நேரம் மிச்சமாயிற்று. திரும்பி வருவதும் அதே காற்றின் முதுகில்தான்: பசிபிக்கைக் கடந்து, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி இங்கிலாந்துக்கு. ஆகவே போய்வந்த ஒவ்வொரு கப்பலும் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. ‘தெர்மாப்பிலி’ என்ற விரைவுப் பாய்மரக் கப்பல் தன் முதல் பயணத்தில், 1868–69இல், லண்டனிலிருந்து மெல்பர்னை 63 நாளில் அடைந்தது. அதன் போட்டிக் கப்பலான ‘கட்டி சார்க்’ 1885இல் கம்பளி மூட்டைகளோடு சிட்னியிலிருந்து புறப்பட்டு 73 நாளில் லண்டன் திரும்பியது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. காற்றை நம்பிய கப்பல்களுக்கு அதனால் பயன் குறைவு. நீராவிக் கப்பல்களுக்கு அது ராஜபாட்டை. சூயஸ், ஏடன், இலங்கை, அங்கிருந்து தென்கிழக்காக ஆஸ்திரேலியா என்று புதிய வழி உறுதிப்பட்டது. முதலில் காலியும், அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்ட பின் கொழும்பும் இந்த வழியின் நிலக்கரித் துறைகளாயின. பயணம் ஆறு வாரத்துக்குச் சுருங்கியது. அதே காலத்தில் செய்தி பயணியை முந்திக்கொண்டது. மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும், அங்கிருந்து ஜாவா வழியாக டார்வினுக்கும் கடலடித் தந்திக் கம்பிகள் போடப்பட்டன. 1872இல் ஆஸ்திரேலியாவின் நடுவே நிலத்தந்தி முடிந்ததும், லண்டன் செய்தி சிட்னிக்கு மணிக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. மனிதரும் கடிதமும் மட்டும் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் கப்பலையே நம்பியிருந்தனர்.

ஆகாய வழியைத் திறந்துவிட்டது ஒரு பரிசுத்தொகை. 1919இல் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸின் அரசாங்கம், பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு என்று அறிவித்தது. முதல் உலகப் போர் முடிந்து வேலையில்லாமல் நின்ற விமானிகளும், வாங்க ஆளில்லாத போர் விமானங்களும் அப்போது இங்கிலாந்தில் நிறைய இருந்தன. ஆறு விமானங்கள் போட்டியில் இறங்கின. ஒன்று லண்டனிலேயே புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்தது. இன்னொன்று கிரேக்கத்தின் கார்ஃபு தீவருகே கடலில் விழுந்தது. இரண்டிலும் சேர்த்து நான்கு பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவைத் தொட்டவை இரண்டே. அவற்றில் இரண்டாவதாக வந்த விமானம் அதற்கு எடுத்துக்கொண்ட காலம் 206 நாள்.

முதலில் வந்தவர்கள் அடிலெய்டைச் சேர்ந்த ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களும், ஜிம் பென்னெட், வாலி ஷியர்ஸ் என்ற இரு மெக்கானிக்குகளும். விமானம் விக்கர்ஸ் விமி என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். விமானிகளின் இருக்கைக்கு மேல் கூரை கிடையாது. நவம்பர் 12 அன்று லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து ஐரோப்பியக் குளிரில் புறப்பட்டார்கள். ராஸ் ஸ்மித்துக்கு ஒரு பலம் இருந்தது. போர் முடிந்த கையோடு 1918இல் கெய்ரோவிலிருந்து கல்கத்தாவுக்கு விமானம் ஓட்டியிருந்ததால் வழியில் ஒரு பாதி அவருக்குப் பழக்கம். மறுபாதியில், அதாவது பர்மாவிலிருந்து தைமூர் வரை, விமானத் தளங்கள் அரிது. இறங்கிய இடங்களில் பல குதிரைப் பந்தயத் திடல்களும் வெட்டிச் சமன்செய்த காட்டு நிலங்களும்தான். ஈராக்கின் ரமாதியில் இரவில் புயற்காற்று விமானத்தைத் தூக்கிப் புரட்டப் பார்த்தது. அங்கிருந்த இந்தியப் படைவீரர்கள் விடியும்வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மிகப் பெரிய சோதனை ஜாவாவின் சுரபயாவில் காத்திருந்தது. இறங்கிய தளம் கடலிலிருந்து மீட்ட நிலம். மேலே காய்ந்த பொருக்கு, அடியில் சேறு. விமானத்தின் சக்கரங்கள் அச்சுவரை இறங்கிவிட்டன. தள்ளி மேலேற்றினால் அடுத்த நொடியே மறுபடி புதைந்தன. சுற்றியிருந்த கிராமத்தார் தங்கள் வீட்டு மூங்கில் தட்டிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று கோத்து நீளமான பாதையாக விரித்து, அதன்மேல் ஓடித்தான் விமானம் மேலெழுந்தது. பெயர் தெரியாத அந்த மக்கள் இல்லையென்றால் பரிசும் சாதனையும் சுரபயாவின் சேற்றிலேயே முடிந்திருக்கும். இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது விமானிகளுக்கு நிகராக அவர்களையும் நினைக்க வேண்டும்.

டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கியபோது 27 நாளும் 20 மணி நேரமும் ஆகியிருந்தன. ஆனால் வானில் இருந்தது 136 மணி நேரம் மட்டுமே. மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மீதி நேரமெல்லாம் தூக்கம், பழுது பார்ப்பது, தகர டின்களிலிருந்து பெட்ரோல் ஊற்றுவது, சேற்றிலிருந்து தூக்குவது என்று தரையில் கழிந்தது. டார்வினிலிருந்து சிட்னிக்குப் போக, எஞ்சின் கோளாறுகளால், இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. 1920 பிப்ரவரி 14 அன்றுதான் சிட்னி அவர்களைப் பார்த்தது. ராஸ் ஸ்மித்தும் பென்னெட்டும் 1922இல் இங்கிலாந்தில் ஒரு சோதனைப் பறத்தலின்போது விழுந்து இறந்தார்கள். அந்த விமி விமானம் அடிலெய்டு விமான நிலையத்தில் இன்றும் இருக்கிறது.

இதன்பின் தனியாள் சாதனைகள் வந்தன. 1928இல் பெர்ட் ஹிங்க்லர் சிறு விமானத்தில் ஒற்றை ஆளாகப் பறந்து பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்தார். 1930 மே மாதம் ஏமி ஜான்சன் என்ற இளம்பெண் பத்தொன்பதரை நாளில் வந்து சேர்ந்தார். இவ்வழியில் தனியாகப் பறந்த முதல் பெண் அவர்.

ஆனால் பயணிகள் விமானத்தின் எதிர்காலத்தைக் காட்டியது 1934 அக்டோபரில் நடந்த லண்டன்–மெல்பர்ன் பந்தயம். இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் தொடங்கிய அதில், பந்தயத்துக்கென்றே கட்டிய ‘காமெட்’ விமானம் 71 மணி நேரத்தில் முதலாவதாக வந்தது. உலகத்தை வியக்கவைத்ததோ இரண்டாவது வந்த விமானம். டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் டி.சி.-2 அது, சாதாரணப் பயணிகள் விமானம், உள்ளே பயணிகளும் தபாலும். இலக்கை நெருங்கும் இரவில் அது இடிமழையில் வழிதவறி, ஆஸ்திரேலியாவின் அல்பரி என்ற சிற்றூருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் மின்நிலையத்தார் தெருவிளக்குகளை அணைத்தும் ஏற்றியும் மோர்ஸ் குறியீட்டில் ஊர்ப்பெயரைச் சொன்னார்கள். கார் வைத்திருப்பவர்கள் குதிரைப் பந்தயத் திடலுக்கு வரும்படி உள்ளூர் வானொலி அழைத்தது. வரிசையாக நின்ற கார்களின் முகவிளக்கு வெளிச்சத்தில் விமானம் இறங்கிச் சேற்றில் சிக்கியது. காலையில் ஊரே திரண்டு கயிறு கட்டி இழுத்து அதை மீட்டது. அப்படியும் இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு நான்கு நாளுக்குள் வந்தாயிற்று.

அன்றாடச் சேவை இந்த வேகத்தை எட்ட நெடுநாள் பிடித்தது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் 1929இலேயே லண்டனிலிருந்து கராச்சிக்குத் தபாலும் பயணிகளும் கொண்டுவரத் தொடங்கியிருந்தது. அந்தத் தபாலை இந்தியாவுக்குள் கொண்டுசெல்லத்தான் 1932 அக்டோபரில் டாட்டாவின் விமானச் சேவை, கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு, ஆரம்பமாயிற்று. முதல் பயணத்தில் கராச்சி–பம்பாய்ப் பகுதியை ஜே.ஆர்.டி. டாட்டாவும், சென்னை வரையிலான மீதியை நெவில் வின்சென்ட்டும் ஓட்டினார்கள். கிழக்கு நோக்கிய நீட்சி படிப்படியாக வளர்ந்து, 1934 டிசம்பரில் ஆஸ்திரேலியத் தபாலும் 1935 ஏப்ரலில் பயணிகளும் பறந்தார்கள். சிங்கப்பூர் வரை பிரிட்டிஷ், இந்திய நிறுவனங்கள். அங்கிருந்து பிரிஸ்பேன் வரை ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸ். மொத்தம் பன்னிரண்டரை நாள். இடையில் பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசிவரை ரயிலில் போக வேண்டும், ஏனென்றால் அந்த வான்வழிக்கு ஏற்பாடு கூடவில்லை. இரவில் விமானம் பறக்காது. பயணிகள் ஒவ்வொரு மாலையும் இறங்கி விடுதியில் தூங்கி, விடியுமுன் எழுந்து மறுபடி ஏறினார்கள்.

1938இல் கடல்விமானங்கள் வந்தன. சவுத்தாம்ப்டன் துறையில் நீரிலிருந்து எழுந்து, சிட்னியின் ரோஸ் விரிகுடாவில் நீரிலேயே இறங்கின. ஓடுபாதை போடப் பணமில்லாத ஊர்களிலும் ஏரியோ ஆறோ இருந்தது என்பதே அவற்றின் அனுகூலம். கலிலேயா ஏரி, ராஜஸ்தானத்து ராஜசமந்த் ஏரி, குவாலியர் நீர்த்தேக்கம், கல்கத்தாவில் ஹூக்ளி ஆறு என்று நீர்நிலை பார்த்துத் தாவித்தாவிச் சென்றன. பயணம் ஒன்பது பத்து நாளாகக் குறைந்தது. நடமாட இடமும் சன்னலோரக் காட்சியும் உள்ள இந்த விமானங்களைப் பலர் அந்த யுகத்தின் உச்சமாகவே கருதுகிறார்கள். வசதியைப் பொறுத்தவரை அது சரியே.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. லண்டன்–சிட்னி வழியின் முதுகெலும்பு முறிந்தது. இந்தியப் பெருங்கடலின் குறுக்கே, நடுவில் எங்கும் இறங்காமல் பறப்பது ஒன்றே மீதியிருந்த வழி. 1943 ஜூன் கடைசியில் குவாண்டாஸ் அதைத் தொடங்கியது: மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் தென்கரையில், காலிக்கு அருகே உள்ள கொக்கலை வாவிக்கு. தூரம் 5,650 கிலோமீட்டர். கேட்டலினா என்ற வகையைச் சேர்ந்த ஐந்து கடல்விமானங்கள் இந்தப் பணியில் ஈடுபட்டன. வழிகாட்டுவது விண்மீன் பார்த்து என்பதால் அவற்றுக்கு ஆல்டேர், வேகா, ரிகல், அன்டாரெஸ், ஸ்பைகா என்று விண்மீன்களின் பெயர்களையே சூட்டினார்கள்.

கேட்டலினாவின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான். எரிபொருள் கூடுதலாக ஏற்றுவதற்காக உள்ளே கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றினார்கள். அப்படியும் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடம். எதிரி விமானங்களின் காதில் விழாமலிருக்க வானொலியில் பேசுவது கிடையாது. ஜப்பானியர் கண்காணித்த கடற்பகுதியை இரவில் கடக்கும்படி புறப்படும் நேரத்தைக் கணித்தார்கள். காற்றுக்கு ஏற்ப 27 மணி முதல் 33 மணி நேரம் வரை பறந்தாக வேண்டும். பயணிகள் ஒரே பறத்தலில் இரண்டு முறை சூரிய உதயத்தைப் பார்த்தார்கள். அதற்குச் சான்றாக அவர்களுக்கு ஒரு சான்றிதழும் கிடைத்தது. 1945 ஜூலை வரை 271 முறை இந்தக் கடலைக் கடந்தும் ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. எஞ்சின் ஒன்று நின்றாலும் கரைசேர முடியாத கட்டங்கள் நிறைந்த வழியில் இது நடந்தது. விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய பணி மிகச் சிலவே. போர் முடிந்ததும் அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்பது படிப்பவருக்கு வலிக்கும் செய்தி.

1944இல் லிபரேட்டர், 1945இல் லங்காஸ்ட்ரியன் என்ற நிலவிமானங்கள் கொழும்பை அடுத்த இரத்மலானையைத் தொட்டு இதே கடலைக் கடந்தன. லங்காஸ்ட்ரியனில் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்கு மூன்று நாள்; ஆனால் பயணிகள் ஒன்பது பேர்தான்.

குவாண்டாஸ் தானே முழு வழியிலும் நடத்திய சேவை 1947 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. அன்று குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோடும் 11 பணியாளர்களோடும் சிட்னியிலிருந்து கிளம்பி, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக நான்காம் நாள் லண்டனை அடைந்தது. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல். நான்கு நாளில் வானில் இருந்தது 55 மணி நேரம். 1919இல் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது இப்போது பாதியைத் தாண்டியது. போகவரக் கட்டணம் 585 பவுண்டு. ஆஸ்திரேலியத் தொழிலாளியின் ஒன்றரை ஆண்டுச் சம்பளத்துக்கும் அதிகம். ஆகவே சாதாரண மக்கள் அறுபதுகள் வரை கப்பலில்தான் போனார்கள். குவாண்டாஸ் இந்தத் தடத்துக்குக் ‘கங்காரு வழி’ என்று பெயரிட்டது.

1959இல் ஜெட் விமானங்கள் வந்து இரவுத் தங்கல்களை ஒழித்தன. 1971 முதல் போயிங் 747 நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக் கட்டணத்தைக் குறைத்தது. நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றாயின: பெரும்பாலும் சிங்கப்பூர் அல்லது பாங்காக்.

அந்த ஒன்றையும் நீக்க முடியுமா என்பதற்கு 1989 ஆகஸ்டில் ஒரு பதில் கிடைத்தது. குவாண்டாஸின் புதிய 747-400 ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. அதற்குச் செய்த ஏற்பாடுகளே சிரமத்தைச் சொல்லும். கட்டணப் பயணிகள் கிடையாது. விமானத்தில் இருந்தது 23 பேர். அதே கொள்ளளவில் அதிக ஆற்றல் தரும் அடர்த்தியான எரிபொருளைத் தனியாகத் தயாரித்து நிரப்பினார்கள். எஞ்சினை ஓட்டி ஓடுபாதைக்குப் போனால் எரிபொருள் வீணாகும் என்று, விமானத்தை வண்டியால் இழுத்துக்கொண்டுபோய் ஓடுபாதையின் முனையில் நிறுத்தினார்கள். நெடுவழியின் அடிப்படைச் சிக்கல் இதுதான். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் மணியிலிருந்தே சுமந்தாக வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கவே இன்னும் எரிபொருள் செலவாகும். ஆள் ஏற்ற இடமில்லாமல் போவது இதனால்தான். அந்த விமானம் 2015இல் ஓய்வுபெற்று, சிட்னிக்குத் தெற்கே ஆல்பியன் பார்க்கில் காட்சிக்கு நிற்கிறது.

எடை குறைந்த கூட்டிழைப் பொருளாலான உடலும் சிக்கனமான எஞ்சின்களும் வந்த பிறகு நிலைமை மாறியது. 2018 மார்ச்சில் போயிங் 787-9 விமானம் பெர்த்திலிருந்து லண்டனுக்கு, 14,500 கிலோமீட்டரை, சுமார் 17 மணி நேரத்தில் நிற்காமல் கடக்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் நிறுத்தமின்றி இணைத்த முதல் அன்றாடச் சேவை அதுவே. 2019 நவம்பர் 14 அன்று அதே வகை விமானம் ஏறக்குறைய 50 பேரோடு, சோதனைக்காக, லண்டனிலிருந்து காலை 6 மணியளவில் கிளம்பி மறுநாள் பகல் 12.30 அளவில் சிட்னியில் இறங்கியது. கடிகாரக் கணக்கில் முப்பது மணி நேரம் போலத் தெரியும். நவம்பரில் சிட்னி லண்டனைவிட 11 மணி நேரம் முன்னே இருப்பதால், உண்மையில் பறந்தது 19 மணி 19 நிமிடம். பறந்த தூரம் 17,800 கிலோமீட்டர், அதாவது நேர்த்தூரத்தைவிட 800 கிலோமீட்டர் அதிகம். நேர்கோட்டில் செல்வதைவிட, காற்றுக்கு இசைந்து சற்றே வளைந்து போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம்; மூடிய வான்பரப்புகளையும் தவிர்க்க வேண்டும்.

காற்றின் ஆட்சி இங்கேயும் தொடர்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், இரு அரைக்கோளங்களிலும், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டங்கள் ஓடுகின்றன. லண்டனிலிருந்து சிட்னிக்கு வரும்போது அவை துணை, திரும்பும்போது எதிர்ப்பு. அதனால் ஒரே தூரத்துக்கு, லண்டன் திரும்பும் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும். குளிர்காலத்தில் காற்று வலுக்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிது.

நிலத்தின் அரசியலும் அப்படியே. 2024 ஏப்ரலில் ஈரானைச் சுற்றிப் பதற்றம் மூண்டபோது, அந்த வான்பரப்பைத் தவிர்த்துச் சுற்றிப் போகவேண்டியிருந்தது. பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் போன விமானம் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயிற்று.

சிட்னியிலிருந்து லண்டனுக்கு நேராகப் பறப்பதற்கென்று 2022 மே மாதம் குவாண்டாஸ் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பின்பகுதியில் 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் எரிபொருள் தொட்டி இவற்றில் உண்டு. பொதுவாக முந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் அமையும் இந்த விமான வகையில், இங்கே 238 மட்டுமே. திட்டத்துக்குப் பெயர் ‘சன்ரைஸ்’. கொக்கலை வாவிக்கும் ஸ்வான் ஆற்றுக்கும் இடையே இரண்டு உதயங்களைப் பார்த்துப் பறந்தவர்களின் நினைவாக வைத்த பெயர் அது.